கேட்டுக் குடித்த தண்ணீர்: பட்டாவும் பாட்டையும்

1

தமிழில் ‘தண்ணீர்’ என்ற பெயரில் இரண்டு நாவல்கள் உண்டு. ஒன்று அசோகமித்திரன் எழுதியது, 1973-இல் நூலாக வந்தது. மற்றொன்று ஈழத்து எழுத்தாளர் கே.டானியல் எழுதியது. ‘பஞ்சமர்’ தொடங்கி அவர் எழுதிய சாதி எதிர்ப்பு நாவல் வரிசையில் சேர்ந்தது. இவற்றோடு கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகத்தையும் (1980) வைத்துக்கொண்டால் மூன்று பிரதிகள். எம்.ஏ. தமிழ் வகுப்பில் எனக்கு அசோகமித்திரனைச் சொல்லிக்கொடுத்தார்கள். கோமலைச் சொல்லிக்கொடுத்தார்கள். டானியல் பெயரை யாரும் உச்சரிக்கவில்லை. இயக்கத் தோழர் ஒருவர் கையிலிருந்து வாங்கித்தான் அவரைப் படித்தேன். பாடத்திட்டத்தில் ஒரு புத்தகம் விட்டுப்போனதாக மட்டும் இதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. தண்ணீரைப் பற்றி எந்தக் கேள்வியைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று நமது இலக்கியச் சமூகம் முடிவுசெய்து வைத்திருப்பதன் அடையாளம் இது.

அசோகமித்திரனின் நாவலில் சென்னை நகரத்துத் தெரு ஒன்றில் குழாய் வறண்டு கிடக்கிறது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைகிறார்கள். அங்கே கேள்வி, ‘தண்ணி எப்ப வரும்?’ கோமலின் அத்திப்பட்டில் மழை பொய்த்துப்போச்சு, அரசாங்கம் கைவிட்டுடுச்சு. அங்கே கேள்வி, ‘தண்ணி ஏன் வரல?’ இரண்டுமே நேர்மையான கேள்விகள். இரண்டு பேருமே கையில் சரக்கு உள்ளவர்கள். அதில் சந்தேகமில்லை. ஆனால் டானியலிடம் வேறு ஒரு கேள்வி இருக்கிறது: ‘தண்ணி இருக்குது. கண்ணு முன்னால இருக்குது. அதுகிட்ட நான் ஏன் போகக் கூடாது?’

முதல் இரண்டு கேள்விகளுக்கு வானமோ அரசாங்கமோ பதில் சொல்ல வேண்டும். மூன்றாவது கேள்விக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பதில் சொல்ல வேண்டும். அதனால்தான் அது வகுப்பறைக்குள் வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் வருஷம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல் நிலத்துக்கு அடியில் நிற்கும் தண்ணீர்தான் உயிர். கிணறு இல்லாவிட்டால் வாழ்க்கை இல்லை. கிணறு வளவுக்குள் இருக்கிறது. வளவு பெரும்பாலும் வெள்ளாளருடையது. நிலமில்லாத பஞ்சமருக்குக் கிணறும் இல்லை. குடத்தோடு கிணற்றடியில் காத்திருக்க வேண்டும். உரியவர்கள் வந்து அள்ளி ஊற்றினால் உண்டு. இலங்கையில் 1957-இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் ஒரு வாசகம் பத்திரமாக இருந்தது: ‘இது என்ர வளவு, என்ர கிணறு.’ சாதியின் பெயரைச் சொல்லாமலே சாதியைக் காப்பாற்றும் வாசகம் இது. நான் இந்தக் கட்டுரையில் பிடித்துத் தொங்கப்போவதும் இந்த வாசகத்தைத்தான்.

2

பிரேம்சந்தின் ‘தாகூரின் கிணறு’ கதை (1932) பலருக்கும் தெரியும். நோயில் கிடக்கும் புருஷனுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். சேரிக் கிணற்றுத் தண்ணீர் நாறுகிறது. கங்கி இருட்டில் தாகூரின் கிணற்றுக்குப் போகிறாள். குடம் மேலே வரும் நேரத்தில் தாகூரின் கதவு திறக்கிறது. கயிறு கைநழுவுகிறது, அவள் ஓடுகிறாள். வீட்டுக்கு வந்தால் புருஷன் அந்த நாற்றத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறான். இதைத் தீண்டாமைக் கதையாகவே எல்லாரும் வாசிக்கிறார்கள். சரிதான். ஆனால் இது சொத்துக் கதையும்கூட. தலைப்பிலேயே பட்டா இருக்கிறது பாருங்கள்.

பாமாவின் ‘கருக்கு’ (1992) இதே விஷயத்தின் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. நாயக்கர் வீட்டில் வேலை செய்யும் பாட்டிக்கு அந்த வீட்டம்மா உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுகிறார். பாட்டி கையைக் குவித்துக் குடிக்கிறார். கங்கி கேட்காமல் எடுக்கப் போனவள். பாட்டி கேட்டு வாங்கிக் குடித்தவர். ஒருத்தி திருடி ஆகிறாள், மற்றவர் கடன்பட்டவர் ஆகிறார். இரண்டு பேருக்கும் தண்ணீர்மேல் உரிமை வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இருக்கிறது. இலக்கியக் கட்டுரையில் சட்டம் எதுக்கு என்று கேட்காதீர்கள். நமக்கு எதிராக எழுதப்பட்ட பிரதிகளில் அதிகம் வாசிக்கப்படாதது அதுதான்.

1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அடுத்தவர் நிலத்தின் வழியாக நடக்கும் உரிமை, தண்ணீர் கொண்டுபோகும் உரிமை இவையெல்லாம் அதில் வரும். இருபது வருஷம் தடையில்லாமல், ஒளிவுமறைவில்லாமல், உரிமையாக ஒரு வழியை அனுபவித்துவந்தால் அது சட்டப்படி உரிமையாகிவிடும். அரசு நிலமென்றால் முப்பது வருஷம். இதில் ‘உரிமையாக’ என்ற சொல்தான் கண்ணி. நிலத்துக்காரரின் அனுமதியோடு நடந்தால் அது உரிமையில் சேராது. அனுமதி என்பது அவர் நினைத்தால் கொடுப்பது, நினைத்தால் எடுப்பது. ‘ஐயா, கொஞ்சம் தண்ணி ஊத்துங்க’ என்று கேட்டுக் குடித்தால் இருபது வருஷமல்ல, இரண்டாயிரம் வருஷம் குடித்தாலும் உரிமை பிறக்காது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வரப்பில் ஒதுங்கி நடந்த நமது தாத்தாக்களின் கால்கள் தேய்த்த பாட்டையெல்லாம் சட்டத்தின் கண்ணில் தயவுக் கணக்கு. அவர்களைக் கேட்க வைத்தது சாதி. கேட்டார்கள் என்பதாலேயே உரிமை இல்லை என்று சொல்வது சட்டம். இரண்டுக்கும் எவ்வளவு பொருத்தம்!

இன்னொன்றும் உண்டு. இந்த வசதியுரிமை நிலத்தோடு ஒட்டியது. ஒரு நிலத்தை அனுபவிப்பதற்காக இன்னொரு நிலத்தின் மேல் கிடைப்பது. பயன்பெறும் நிலத்தை ‘ஆளும் நிலம்’ என்றும், வழிவிடும் நிலத்தைப் ‘பணியும் நிலம்’ என்றும் பொருள்படும் சொற்களால் அந்தச் சட்டம் குறிக்கிறது. நிலத்துக்குள்ளேயே ஆண்டானும் அடிமையும்! இதற்கு வெளியே, நிலத்தோடு ஒட்டாத வழக்காற்று உரிமை பொதுமக்களுக்கு இருக்க முடியும் என்று அதே சட்டம் இரண்டாம் பிரிவில் ஒப்புக்கொள்கிறது. நமக்கு மிச்சமிருக்கும் சந்து அதுதான். ஆனால் ‘வழக்கம்’ என்ற சொல்லை நமக்கு முன்னால் கையிலெடுத்தவர்கள் யார் என்று மகாடில் பார்த்தோம்.

3

மகாடு என்றதும் 1927 மார்ச் 20 நினைவுக்கு வரும். அம்பேத்கர் தலைமையில் மக்கள் சவதார் குளத்துக்கு நடந்துபோய்த் தண்ணீர் குடித்த நாள். அதே ஆண்டு டிசம்பர் 25-இல் மனுஸ்மிருதியைக் கொளுத்தியதும் தெரியும். நடுவில் நடந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. டிசம்பரில் மறுபடியும் குளத்துக்குப் போவதாக இருந்தது. அதற்கு முன்பே சாதி இந்துக்கள் கோர்ட்டுக்குப் போய்த் தடையுத்தரவு வாங்கிவிட்டார்கள். என்ன சொல்லி வாங்கினார்கள்? ‘தீட்டு’ என்பதை மட்டும் சொல்லவில்லை. இது பொதுக்குளமே கிடையாது, எங்களுக்குச் சொந்தமான குளம், தொன்றுதொட்டு வழக்கம் இப்படித்தான் என்றார்கள்.

இத்தனைக்கும் பொதுப்பணத்தில் பராமரிக்கும் நீர்நிலைகளை எல்லாருக்கும் திறந்துவிட வேண்டுமென்று 1923-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் போலே தீர்மானம் நிறைவேறியிருந்தது. மகாடு நகராட்சியும் குளத்தைத் திறந்துவிட்டதாக அடுத்த வருஷம் தீர்மானம் போட்டிருந்தது. காகிதத்தில் கதவு திறந்திருந்தது. கால் வைத்ததும்தான் அது தனியார் சொத்தாக மாறியது. குளத்தைச் சுற்றிச் சாதி இந்துக்களின் வீடுகள் இருந்தன. கரையை வளைத்தவர்கள் தண்ணீரையும் வளைத்துவிட்டதாக நம்பினார்கள்.

அம்பேத்கர் தடையுத்தரவை மீறவில்லை. சத்தியாகிரகத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கோர்ட்டில் நின்றார். அந்த வழக்கு பத்து வருஷம் நடந்தது. குளம் நகராட்சியுடையது, தனியாருடையதல்ல என்று கீழ்க்கோர்ட்டிலேயே முடிவானது. தீண்டாதாரை விலக்கிவைக்கும் தொன்மையான வழக்கம் எதையும் நிரூபிக்கவில்லை என்று 1937 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளியது. ஒரு வாய்த் தண்ணீருக்குப் பத்து வருஷம். அந்தப் பத்து வருஷமும் ‘தனிச்சொத்து’ என்ற ஒற்றைச் சொல்லை உடைக்கத்தான் செலவானது. மகாடை உணர்ச்சிகரமான சடங்காக மட்டும் கொண்டாடும் நம்மவர்கள் இந்தக் கோர்ட்டுப் பகுதியை வாசிக்க வேண்டும். மேடையில் பேச அது வசதிப்படாது. ஆனால் சண்டை அங்கேதான் நடந்தது.

சென்னை மாகாணத்தில் 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானமும் இந்த நுட்பம் தெரிந்து எழுதப்பட்டதுதான். பொதுச்சாலை, தெரு, நடைபாதை ஒருபக்கம். பொது அலுவலகம், கிணறு, குளம் மறுபக்கம். வழியையும் தண்ணீரையும் ஒரே தீர்மானத்தில் சேர்த்துக் கட்டினார் அவர். வழி இல்லாமல் கிணற்றை மட்டும் திறந்துவிட்டால் அது வெறும் படம் என்று செங்கல்பட்டுச் சீமைக் கோழியாளத்தில் பிறந்தவருக்குத் தெரியாதா?

அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு கிணறு, குளம், படித்துறை, சாலை என்று வரிசையாகச் சொல்கிறது. ஆனால் அரசுப் பணத்தில் முழுதாகவோ பகுதியாகவோ பராமரிக்கப்படுவது, அல்லது பொதுமக்களுக்கென்று விடப்பட்டது என்று ஒரு வேலியும் போடுகிறது. தாகூரின் கிணறு அந்த வேலிக்கு வெளியே பத்திரமாக இருக்கிறது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. பொதுமக்களில் ஒரு பகுதியினருக்காவது உரிமையுள்ள நீர்நிலையில் நம்மைத் தடுத்தால் அதன்படி குற்றம். அதே 1955 ஜனவரியில்தான் எங்கள் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோசலிச பாணிச் சமுதாயம் அமைப்பதாகத் தீர்மானம் போட்டது. எந்த மண்ணில் நின்று போட்டார்கள் என்பதை அடுத்துப் பார்ப்போம்.

4

சேக்காடு ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவில் இருக்கிறது. இன்று ஆவடி மாநகராட்சிக்குள். 1997 வரை இந்தப் பக்கமெல்லாம் செங்கல்பட்டு மாவட்டம். செங்கல்பட்டு என்றால் ஏரி, ஏரி என்றால் மிராசு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிராசுதார்கள் தாங்கள் உழுத நிலத்துக்கு மட்டுமா சொந்தம் கொண்டாடினார்கள்? ஊர்த் தரிசுக்கும் முன்னுரிமை கேட்டார்கள். பறையர் ஒருவர் தரிசு நிலம் கேட்டு மனுப் போட்டால் மிராசுதார் குறுக்கே வந்து ‘எனக்கு முதல் பாத்தியதை’ என்பார். 1891-இல் கலெக்டர் திரமென்கீர் செங்கல்பட்டுப் பறையர் பற்றிய அறிக்கையில் இதைத்தான் அம்பலப்படுத்தினார். அடுத்த வருஷம் பஞ்சமி நில உத்தரவு வந்தது அதன் தொடர்ச்சி.

இந்தச் சீமையில் ஏரி மதகைத் திறந்து மூடி, வயலுக்கு வயல் தண்ணீர் பிரித்துவிட்டவர்கள் நீர்க்கட்டி, கம்புகட்டி என்று அழைக்கப்பட்டவர்கள். பெரும்பாலும் நம்மவர்கள். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்பது அவர்கள் நாக்கில் இருந்தது. ஆயக்கட்டில் ஒரு சென்ட் அவர்கள் பேரில் இல்லை. மதகைத் திறக்கிற கை நம்முடையது, பாயுற நிலம் நம்முடையதில்லை. தமிழ் நிலத்தின் நீர்மேலாண்மைப் பெருமையைப் பேசும் கட்டுரைகளில் சோழன் வருவான், கல்லணை வரும். இந்தக் கை வராது.

இப்போது ஆயக்கட்டு இல்லை. ஏரிக்குக் கீழே வயல் இருந்த இடத்தில் மனைப்பிரிவு. இங்கே இப்படிப் பேசுவார்கள்: ‘ஏரி எங்கயும் போவல, அங்கதான் கீது. போற வழிதான் பூட்ச்சி.’ இந்த ஒரு பேச்சில் முழு விஷயமும் இருக்கிறது. மாடு ஓட்டிப்போன பாட்டை, துணி துவைக்கப் போன கரை, மீன் பிடிக்க இறங்கின மதகடி, இவை எதையும் யாரும் ஒரே நாளில் பிடுங்கவில்லை. முதலில் கல் நட்டார்கள், பிறகு கம்பி, பிறகு காம்பவுண்டு, பிறகு கேட், கடைசியில் வாட்ச்மேன். வாட்ச்மேனும் நம்ம ஆளாகத்தான் இருப்பார். ‘உள்ள போவக் கூடாது சார், பிரைவேட்’ என்று அவர் வாயாலேயே சொல்ல வைக்கிறார்கள். ‘என்ர வளவு’ என்ற வாசகம் கடல் தாண்டி வந்துவிட்டது.

2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிகள் வறண்டுபோயின. ஜூலை 12-இல் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் வந்தது. ஐம்பது வேகன்களில் இருபத்தைந்து லட்சம் லிட்டர். அந்த ரயில் பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர் வழியாகத்தான் போனது. பத்திரிகைகள் அதைப் பஞ்சத்தின் படமாகப் போட்டன. அதே மாதங்களில் பட்டா நிலத்துப் போர்களிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீர் விலைக்கு ஓடியது. நிலத்துக்கு மேலே சுவர், நிலத்துக்குக் கீழே மோட்டார். கேரளத்துப் பிளாச்சிமடையில் கொக்கோகோலா வழக்கில் இதே கேள்விதான் எழுந்தது. நிலத்தடி நீர் பொதுமக்களுடையது, நிலத்துக்காரர் அளவுக்கு மீறி எடுக்க முடியாது என்று 2003-இல் உயர்நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி சொன்னார். நியாயமான அளவு எடுக்க நிலத்துக்காரருக்கு உரிமை உண்டென்று 2005-இல் இரண்டு நீதிபதிகள் அதை மாற்றினார்கள். ‘நியாயமான அளவு’ என்பதை அளக்க நம்மிடம் என்ன படி இருக்கிறது?

5

இதற்கு மாற்றாகச் சுற்றுச்சூழல் தோழர்கள் ஒரு சொல்லை முன்வைக்கிறார்கள்: புறம்போக்கு. வசவாகிப்போன அந்தச் சொல்லை மீட்டு, எல்லாருக்கும் பொதுவான நிலம் என்ற பழைய பொருளில் நிறுத்த 2017-இல் எண்ணூர் கழிமுகத்துக்காக ஒரு பாட்டு வந்தது. கபேர் வாசுகி எழுத, டி.எம்.கிருஷ்ணா பாடினார். நல்ல முயற்சி. அது வரவேற்கப்பட வேண்டியது. ஆனால் எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. அந்தப் ‘பொது’ எப்போது பொதுவாக இருந்தது? ஊர்ப் பொது என்பதில் சேரி எப்போது சேர்ந்தது? இழந்துபோன பொற்காலம்போலப் பொதுவைப் பாடினால், அந்தப் பொற்காலத்தில் கிணற்றடியில் காத்து நின்றவர்களின் கணக்கு எங்கே எழுதப்படும்? நாம் இழந்ததை மீட்கப் போகவில்லை. ஒருநாளும் கொடுக்கப்படாததைக் கேட்கிறோம்.

இது வார்த்தைச் சண்டை அல்ல. நீர்நிலையைக் காப்பாற்றுவது என்ற பெயரில் முதலில் இடிபடுவது யார் வீடு? 2007-இல் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. கூவக் கரையிலும் கால்வாய்க் கரையிலும் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். மாம்பலத்து நெடிய ஏரி தியாகராய நகர் ஆனது. நுங்கம்பாக்கம் ஏரியில் வள்ளுவர் கோட்டம் எழும்பியது. முகப்பேரில் வீட்டுவசதி வாரியம் போட்ட குடியிருப்புக்குப் பெயரே ‘ஏரித் திட்டம்’. அரசாங்கம் ஏரியில் வீடு கட்டினால் திட்டம், நாம் கரையில் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு!

பட்டாவுக்கு நாம் எதிரி என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போராடி 1994 அக்டோபரில் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் குண்டுக்குப் பலியான இயக்கத்தின் பிள்ளைகள் நாம். மூணு சென்ட் பட்டாவுக்குத் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்த தாய்மார்கள் நமக்குத் தெரியும். சொந்த நிலம் என்பதன் மதிப்பு நிலமில்லாதவருக்குத்தான் முழுசாகத் தெரியும். சின்ன நிலத்துக்காரரின் வரப்பைப் பத்துப் பேர் மிதித்து அழிப்பதும் நியாயமாகாது. கேள்வி, பட்டா எதுவரைக்கும் போகும் என்பது. பட்டா மண்ணுக்கு. ஓடும் தண்ணீருக்குச் சொந்தக்காரர் சட்டத்திலும் கிடையாது. கரைநிலத்துக்காரருக்கு உபயோகிக்கும் உரிமை மட்டும் உண்டு. ஏரிக்கும் வாய்க்காலுக்கும் போகும் பாட்டை பட்டாவுக்குள் வந்தால், அந்தப் பாட்டையின் அகலத்துக்கு மட்டும் பட்டா பணிய வேண்டும். ‘பணியும் நிலம்’ என்ற சட்டத்தின் சொல்லை அங்கே நாம் பயன்படுத்திக்கொள்ளலாம். ஸ்காட்லாந்தில் 2003-இல் போட்ட நிலச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் எவரும் தனியார் நிலத்தின் வழியாகவும் ஆற்றுக்கும் ஏரிக்கும் போகலாம் என்கிறது. வீடு, வீட்டைச் சுற்றின இடம், பயிர் நிற்கும் நிலம் இவற்றுக்கு விலக்கு. நிலவுடைமை அங்கே ஒன்றும் இடிந்து விழவில்லை.

கிராமப் பொதுநிலங்களை மீட்கச் சொல்லி 2011 ஜனவரியில் உச்சநீதிமன்றம் கொடுத்த ஜக்பால் சிங் தீர்ப்பிலும் ஒரு வாசல் இருக்கிறது. நிலமற்ற கூலிகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் அரசு குத்தகைக்கு விட்ட இடங்களை விதிவிலக்காகக் கருதலாம் என்கிறது அது. இடிக்க வரும் அதிகாரிகள் தீர்ப்பின் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மறுபாதியை நாம்தான் வாசித்துக்காட்ட வேண்டும்.

அரசாங்கத்துக்கு இன்னொரு பழைய தந்திரம் உண்டு: தனிக்கிணறு. 1920-களில் தொழிலாளர் துறை நம்மவர்களுக்குத் தனிக்கிணறு வெட்டியதிலிருந்து, காலனிக்குத் தனித்தொட்டி கட்டுவது வரை ஒரே கோடு. தாகம் தீரும், வழி கேட்கும் உரிமை தீர்ந்துபோகும். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கிடந்தது. 2025 ஜனவரியில் அதே ஊர்த் தலித் இளைஞர்கள் மூவர் மேலேயே சிபிசிஐடி குற்றப்பத்திரிகை போட்டது. தனித்தொட்டி கட்டிக்கொடுத்தவர்கள் அதைக்கூடக் காக்கவில்லை.

6

இலக்கியத்துக்கு இதில் என்ன வேலை? நிறைய இருக்கிறது. பொது உரிமையோ வழக்காறோ உண்டா இல்லையா என்று கோர்ட்டில் கேள்வி வந்தால், அதைத் தெரிந்திருக்கக்கூடிய ஊர்க்காரர்களின் வாய்மொழியை எடுத்துக்கொள்ள 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இடமிருந்தது. 2024 ஜூலையிலிருந்து அதன் இடத்துக்கு வந்திருக்கும் புதிய சட்டத்திலும் இருக்கிறது. அதாவது எங்கள் ஆயா சொல்வது வெறும் பழங்கதை அல்ல, சாட்சியம். தன்வரலாறு, வாக்குமூலம் என்று இந்த மாதிரிப் பத்திரிகைகளில் நாம் எழுதிவருவதை ‘அழகியல் இல்லை’ என்று தள்ளிய விமர்சகர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டியதில்லை.

ஆனால் எழுதும்போது கவனம் வேண்டும். ‘பாவம், தண்ணி கிடைக்காமல் தவிச்சோம்’ என்று எழுதினால் அது தயவுக் கணக்கில் சேரும். எந்தப் பாட்டை, எந்தக் கரையில் இறங்கியது, யார் யார் நடந்தார்கள், கேட்டு நடந்தார்களா கேட்காமல் நடந்தார்களா, எந்த வருஷம் கல் நட்டார்கள், அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று எழுத வேண்டும். கிராம வரைபடத்தையும் ‘அ’ பதிவேட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும். வரைபடத்தில் பாட்டை இருந்து தரையில் இல்லாவிட்டால் யார் விழுங்கினார்கள் என்று கேட்கலாம். தரையில் இருந்து வரைபடத்தில் இல்லாவிட்டால் கிழவிகள் பேச்சுத்தான் ஆவணம். மாணவத் தோழர்கள் ஆய்வுப்பட்டத்துக்கு நூற்றியெட்டாவது முறையாகச் சங்க இலக்கியத்தில் நீர் என்று எழுதுவதற்குப் பதில் தங்கள் ஊர் ஏரியின் நான்கு பக்கமும் நடந்துவிட்டு வரட்டும். எந்தப் பக்கத்தில் தடுத்தார்கள் என்பதை முதல் இயலாக எழுதட்டும்.

நடக்கும்போது அனுமதி கேட்காதீர்கள். கேட்டால் அது உரிமைக் கணக்கில் சேராது.